சொல்பேச்சு கேளாத மாப்பிள்ளை

டைரக்டருக்கு நாய்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. எந்த இனத்து நாய் எத்தனை தடவை சொன்னால் கற்றுக்கொள்ளும், சொன்ன உடனே கேட்குமா, கெஞ்சிக் கூத்தாடினால்தான் கேட்குமா என்று வரிசை போட்ட அட்டவணை அது. உச்சியில் பார்டர் கோலி. அடுத்து பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர். லாப்ரடார் சற்றுத் தள்ளி ஏழாவது, ஆனாலும் முதல் வரிசைக்குள். கீழே போகப் போக பீகிள், பாஸெட் ஹவுண்ட், சௌ சௌ, புல்டாக் எல்லாம் கடைசி பெஞ்சில் கூடி உட்கார்ந்திருக்கும். அடிமட்டத்தில் ஆப்கன் ஹவுண்ட். எண்பது தடவை சொன்னாலும் ‘யார், என்னிடமா சொன்னீர்கள்?’ என்பது போல முடியைச் சிலுப்பிக்கொண்டு போகிற ஜாதி.

அது பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற பள்ளி. ‘சொல்பேச்சு கேட்பதுதான் புத்தி’ என்பது டைரக்டரின் வேதவாக்கு. இந்த வேதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வழிகாட்டி நாய் சொன்னதையெல்லாம் செய்யக் கூடாது. எஜமான் ‘முன்னால’ என்று சொல்லும்போது எதிரே வண்டி வந்தால், அது பேச்சை மீறிச் சிலையாக நிற்க வேண்டும். சொல்பேச்சு கேட்கிற நாய்க்குச் சொல்பேச்சைக் கேட்காதே என்று சொல்லித்தர வேண்டும். அதையும் அது கேட்டாக வேண்டும். இந்தக் கூத்துக்குப் பொறுப்பாளன் தலைமைப் பயிற்சியாளன். அவனை எல்லோரும் பிஸ்கட் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுடைய பைகள் எப்போதும் நாய் பிஸ்கட்டால் புடைத்திருக்கும். துவைக்கப் போட்ட பேண்டிலிருந்து தூள் அள்ளி அள்ளி அவன் மனைவிக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது.

பள்ளியின் நட்சத்திரம் ஒரு பார்டர் கோலி. வந்த முதல் வாரமே காவலாளி, சமையல்காரர், மற்ற நாய்கள் என எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய் அவரவர் இடத்தில் நிறுத்தியதால் அதற்குக் கலெக்டர் என்று பெயர். ‘உட்கார்’ என்பதை வாய் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்திருக்கும். நன்கொடையாளர்கள் வந்தால் டைரக்டர் முதலில் அட்டவணையைக் காட்டுவார், பிறகு கலெக்டரைக் காட்டுவார், அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொடுப்பார்.

பள்ளியின் அவமானச் சின்னமும் ஒன்று இருந்தது. பள்ளியின் லாப்ரடார் ஒன்று வேலிக்கு அந்தப் பக்கத்து சௌ சௌவோடு காதல் கல்யாணம் செய்துகொண்டதன் பலன். கூடப் பிறந்ததுகள் எல்லாம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. சௌ சௌவைப் போல நாக்கில் பாதி நீலமாக இருந்த இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகனைப் போல நடுவாசலை அடைத்துப் படுத்துக்கொள்ளும். தட்டுச் சத்தம் கேட்டால் எழும். வேலை சொன்னால் காது கேட்காது. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது சமையல்காரர். நாலு தடவை சொன்னால் ஒரு தடவை கேட்கும். அந்த ஒரு தடவையும் நமக்கு உபகாரம் செய்கிற முகத்தோடுதான். டைரக்டர் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம், “இதுக்கு ஒரு வீடு பாருய்யா” என்பார். பிஸ்கட் தலையாட்டுவான், பார்க்க மாட்டான்.

இந்த நிலையில்தான் வக்கீலம்மா வந்து சேர்ந்தார்.

இரண்டாவது முறையாக வந்தார் என்பதுதான் சரி. கண் பார்வை போய் மூன்று வருடம். முதலில் கொடுத்த கோல்டன் ரெட்ரீவரை அவர் அதட்டிய அதட்டலில், அது சொன்ன பக்கமெல்லாம் போய், குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்துக்குள் அவரோடு சேர்ந்தே இறங்கியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வக்கீலம்மாவுக்குக் கணுக்கால் போயிற்று. இனித் தனியாக வெளியே போக வேண்டாம் என்று அப்போதே அவருடைய தம்பி ஆரம்பித்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். தன் வீட்டு மாடியில் அக்காவுக்கென்று அறை கட்டி, கட்டில் போட்டு, ரேடியோ வரை வாங்கி வைத்துவிட்டான். வாக்குவாதம் செய்து ஜெயித்தே பழகிய வக்கீலம்மா அவனிடம் ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார். இந்தப் பயிற்சி முடிவதற்குள் ஒரு நாய் அமைந்தால் முன்போலத் தனியாக நடந்து கோர்ட்டுக்குப் போவார். அமையாவிட்டால் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாடி ஏறிவிடுவார்.

“ரேடியோ கேட்டுட்டு உக்காந்திருக்கிற வயசா எனக்கு?” என்று வந்த அன்றே பிஸ்கட்டிடம் கேட்டார். “ஒரு நல்ல நாயா குடுப்பா. ஆமாம் சாமி போடுற நாய் வேணாம். எனக்கு ஜூனியரா இருந்ததுங்க எல்லாம் அப்படித்தான். நான் தப்புத் தப்பா சொன்னாலும், சரிங்க மேடம்.”

டைரக்டர் யோசிக்கவே இல்லை. பெரிய வக்கீலுக்குப் பெரிய நாய். கலெக்டரைக் கொடுத்தார்.

பள்ளி வளாகத்தில் கலெக்டரும் வக்கீலம்மாவும் நடந்த நடையைப் பார்த்தால் யார் கண்ணும் பட்டுவிடும். வளைவில் வளைந்து, படியில் நின்று, தாழ்ந்த கிளைக்கு ஒதுங்கிப் போனார்கள். கடைசியாக வண்டிச் சோதனை. டிரைவர் பள்ளியின் வெள்ளை வேனை எடுத்துக்கொண்டு உறுமியபடி எதிரே வருவார். அதே நேரத்தில் ‘முன்னால’ என்று கட்டளை இட வேண்டும். வக்கீலம்மா சொன்னார். கலெக்டர் கல்லாகச் சமைந்து நின்றது. பிஸ்கட் ஒரு பிஸ்கட்டை நீட்டினான். டைரக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நிஜத் தெருவுக்குப் போனார்கள். பிஸ்கட் நாலடி பின்னால் நடந்தான். ஒரு திருப்பத்தில் வக்கீலம்மா நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் எதுவும் இல்லை. “முன்னால” என்றார். கலெக்டர் காலெடுத்து வைத்தது. திருப்பத்திலிருந்து ஒரு பேட்டரி கார், பூனை நடை போட்டுக்கொண்டு வந்து திரும்பியது. பிஸ்கட் பாய்ந்து வக்கீலம்மாவின் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் நடைபாதையில் மல்லாந்து விழுந்தார்கள். காருக்குள் இருந்தவன் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனான். கலெக்டர் பிஸ்கட்டின் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. முதல் தடவை சொன்னதுமே போனேனே, எங்கே என் பிஸ்கட் என்று அது கேட்டது.

அன்று மாலை டைரக்டர் அறையில் விசாரணை. விசாரிக்க வேண்டியவர் டைரக்டர். ஆனால் வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்ததுமே அறை கோர்ட்டாகிவிட்டது. அவர் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“வண்டி வந்தா இந்த நாய் நிக்கும்னு சொன்னது யாரு?”

“நான்தான் மேடம்” என்றான் பிஸ்கட்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வேன் வந்தப்ப நின்னுது.”

“யாரோட வேன்?”

“பள்ளியோடது.”

“என்ன கலர்?”

“வெள்ளை.”

“ஓட்டினது?”

“நம்ம டிரைவர்.”

“எப்பவும் அவரா?”

“எப்பவும் அவர்தான்.”

“வேற வண்டி வெச்சு சொல்லிக் குடுத்ததே இல்லையா?”

“கலெக்டர் நாலே தடவையில கத்துக்கிட்டா மேடம். அதுக்கு மேல சொல்லிக் குடுக்கணும்னு தோணல.”

“நாலு தடவையில என்ன கத்துக்கிட்டா? வெள்ளை வேன்ல உங்க டிரைவர் வந்தா நின்னா பிஸ்கட் கிடைக்கும்னு கத்துக்கிட்டா. ரொம்ப சரி. உங்க வேன் என் மேல ஏறாது. ஊர்ல மத்த வண்டியெல்லாம் ஏறும்.”

டைரக்டர் தொண்டையைச் செருமினார். அட்டவணையில் முதல் இடம், உலகமே ஒத்துக்கொண்ட இனம் என்று ஏதோ ஆரம்பித்தார். “ஏட்டுச் சுரைக்காய் சார்” என்று வக்கீலம்மா வாயை அடைத்துவிட்டார். வேன் யோசனை பிஸ்கட்டுடையது. மந்தமான நாயாக இருந்திருந்தால் விதவிதமாகச் சொல்லிக் கொடுத்து மாரடித்திருப்பான். கெட்டிக்கார நாய் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டது. நாலடி பின்னால் அவன் வந்ததனால்தான் பிளாஸ்திரியோடு போயிற்று.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள்.

“இதுல என்னங்க ஆச்சரியம்? நீங்களும் அப்படித்தானே. எங்கம்மா வந்தா மட்டும் பாத்திரம் கழுவுறீங்க. நீங்க கத்துக்கிட்டது பாத்திரம் கழுவ இல்ல, எங்கம்மாவைப் பாத்தா கழுவ.”

“நக்கல் பண்ணாத. ஆயுசுக்கும் அந்தம்மா மாடியிலயே கிடக்கப் போறாங்க.”

“எல்லா வண்டிக்கும் நிக்கிற நாய் உங்ககிட்ட ஒண்ணுகூடவா இல்ல?”

பிஸ்கட் பதில் சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்தினான். ஒன்று இருந்தது. நடுவாசலில் படுத்திருந்தது.

போன வருடம் மாப்பிள்ளைக்கு வேன் பாடம் ஏறவே இல்லை. டிரைவர் வந்து வந்து பார்த்து, “இந்தக் கல்லுளிமங்கனுக்கு இனி நான் வண்டி எடுக்க மாட்டேன்” என்று சாவியை வீசிவிட்டார். அதற்கப்புறம் பிஸ்கட் கிடைத்த சக்கரத்தையெல்லாம் பிடித்தான். ரொட்டிக்காரரின் மூன்று சக்கர வண்டி, பார்சல் கொண்டுவருகிறவனின் பைக், மிருக டாக்டரின் பேட்டரி கார், சமையல்காரரின் மைத்துனன் ஓட்டிய தண்ணீர் லாரி, ஒரு தடவை ஆம்புலன்ஸ்கூட. அப்படியே ஒரு வருடம் போயிருந்தது. மாப்பிள்ளை எப்போது கற்றுக்கொண்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. முதல் தடவை சொன்னதும் நகராத நாய் எதற்காக நகரவில்லை என்று யார் ஆராய்ச்சி பண்ணுவார்கள்?

மனைவி கேட்டதற்கு மறுநாள் காலையில் பிஸ்கட் கண்ணைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் வாரைப் பிடித்தான். சாகசம் செய்கிறான் என்று டிரைவர் கூடவே ஓடி வந்தார். தெருமுனையில் ‘முன்னால’ என்றான். நகரவில்லை. எதிரே சத்தமில்லாமல் ஏதோ ஒன்று காற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அடுத்த முனையில் சைக்கிள். அதற்கடுத்த முனையில் பின்னோக்கி வந்த குப்பை வண்டி. பிஸ்கட் கட்டை அவிழ்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அந்த நீல நாக்கு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மாப்பிள்ளை அவன் பைக்குள் மூக்கை விட்டுத் துழாவியது.

வக்கீலம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி நிறுத்தினான்.

“இது அட்டவணையில எத்தனாவது?” என்று கேட்டார்.

“அட்டவணையிலேயே இல்ல மேடம். பாதி ஏழாவது, பாதி கடைசி வரிசை.”

“சரி, கொண்டா பாப்போம்.”

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் பிஸ்கட்டுக்கு இப்போதும் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை. வக்கீலம்மா ‘முன்னால’ என்பார். மாப்பிள்ளை வழியில் ஒரு நாற்காலி கிடக்கிறதென்று நிற்கும். “முன்னாலன்னு சொன்னேன்” என்பார், அது உட்காரும். “உன்னத்தான்” என்று வாரை உலுக்குவார், அது படுத்துவிடும். அவர் சுற்றிக்கொண்டு போக முயன்று நாற்காலியில் இடித்துக்கொள்வார். இடித்துக்கொண்ட பிறகு நாயைத் திட்டுவார், பிஸ்கட்டைத் திட்டுவார், நாற்காலியைத் திட்டுவார். முப்பது வருடம் ஜட்ஜுகளையே எதிர்த்துப் பேசியவர் அவர். ஒரு நாய் நில் என்றால் நின்றுவிடுவாரா?

“இவனுக்கு நான் சொல்றது புரியலையா?”

“புரியுது மேடம். நீங்க சொல்றது தப்புன்னு அவன் நினைக்கிறான்.”

“என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் சொன்னது தப்புன்னு சொன்னதில்ல.”

“நினைச்சிருப்பார் மேடம்.”

பிஸ்கட் நாக்கைக் கடித்துக்கொண்டான். வக்கீலம்மா அவன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக மாப்பிள்ளை நின்ற இடத்தில் அவரும் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு யாரோ குறுக்கே போனார்கள்.

கடைசி நாள் சோதனை நகரத்துக்குள்ளே, அவர் தினமும் போக வேண்டிய பாதையில். கோர்ட் வாசல் வரை போய்ச் சேர்ந்தால் நாய் அவருடையது. டைரக்டர் அட்டையும் பேனாவுமாக வந்தார். விழுந்து எழுந்த வக்கீல் வழக்குப் போட்டுவிடுவாரோ என்ற கிலியில், இப்போது அவருக்கு எந்த நாயாவது அமைந்தால் போதும் என்றிருந்தது. தம்பி காரில் பின்னாலேயே ஊர்ந்து வந்தான்.

முதல் திருப்பத்தில், போகக் கூடாத திசையில் சீறி வந்த பைக்குக்கு மாப்பிள்ளை நின்றது. வக்கீலம்மாவும் நின்றார். டைரக்டர் அட்டையில் ஒரு சரி போட்டார். அடைத்துக் கிடந்த கடை வாசலைச் சுற்றிப் போனது, இன்னொரு சரி. தம்பியின் முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பிஸ்கட் பார்த்தான்.

கோர்ட் வாசலுக்கு முந்தைய கடைசித் தெருவைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்தது.

“முன்னால” என்றார் வக்கீலம்மா.

மாப்பிள்ளை நின்றது.

வக்கீலம்மா வாயைத் திறந்தார். இன்னொரு தடவை அதட்டினால் நாய் படுத்துவிடும், அவர் இழுப்பார், எல்லாம் முடிந்தது. ஆனால் அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். வாரில் இருந்த கையைத் தளர்த்தினார். நின்றார். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. பக்கத்தில் இரண்டு பேர் விறுவிறுவென்று தெருவைக் கடந்து போனார்கள். காலடிச் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அப்படியும் நின்றார். தம்பி காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

பிஸ்கட் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். நடைபாதை ஓரத்தில், மாப்பிள்ளையின் மூக்குக்கு நேர் கீழே, எவனோ கடித்துப் போட்ட எலும்பு ஒன்று சதையோடு கிடந்தது.

“பிஸ்கட்” என்றார் வக்கீலம்மா. “என்ன வருது?”

டைரக்டர் இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பது போல நடித்துக் காட்டினார். வண்டி, வண்டி என்று உதட்டை மட்டும் அசைத்தார். ஒரு வார்த்தை போதும். ஒரு கார் திரும்பியது மேடம் என்றால் போதும், அந்தம்மா கோர்ட்டுக்குள் போய்விடுவார், மாடி அறையில் ரேடியோ தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். பிஸ்கட்டுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வேன் சோதனையும் இப்படித்தான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

“ஒண்ணும் வரல மேடம்” என்றான். “ரோடு காலி. கீழ ஒரு எலும்பு கிடக்குது. அதுக்காகத்தான் நிக்கிறான்.”

டைரக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பாத்தியாக்கா” என்றான் தம்பி. “எலும்புக்கு நிக்கிற நாயை நம்பியா ரோட்டுல இறங்கப் போற? போதும்க்கா. வா, கார்ல ஏறு.”

“நான் நின்னேனா இல்லையா?” என்று வக்கீலம்மா பிஸ்கட்டைக் கேட்டார்.

“நின்னீங்க மேடம்.”

“எதுக்குன்னு தெரியாமயே.”

“ஆமா மேடம்.”

“காரணம் கேக்காம இன்னொருத்தர் பேச்சுக்கு நான் நின்னது இதான் முதல் தடவை. அதுவும் போயும் போயும் ஒரு எலும்புக்கு.” அவர் தோள் குலுங்கிற்று; சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தம்பி நின்ற பக்கம் திரும்பினார். “இவன் பத்துல ஒரு தடவை எலும்புக்கு நிப்பான். அது எந்தத் தடவைன்னு எனக்குத் தெரியாதுடா. அதனால பத்து தடவையும் நிப்பேன். எலும்புக்கு நின்னா கோர்ட்டுக்கு லேட்டாப் போவேன், ஜட்ஜ் திட்டுவார். வாங்கிக்கிறேன். திட்டு வாங்க நான் உயிரோட இருப்பேன்ல?”

தம்பி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான். பிஸ்கட் குனிந்து எலும்பை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். மாப்பிள்ளை அதைக் கடைசி வரை கண்ணால் வழியனுப்பியது.

வக்கீலம்மா வாரைப் பிடித்து நிமிர்ந்து நின்றார்.

“முன்னால.”

மாப்பிள்ளை நகரவில்லை. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. தெரு இன்னும் காலியாகத்தான் இருந்தது. டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டது. தானே கட்டளை இட்டுவிடலாம் என்று மூச்சை இழுத்து முன்னால் வந்தார்.

“சும்மா இருங்க சார்” என்றார் வக்கீலம்மா. “அவன் யோசிக்கிறான்.”